ஸ்காட்ஸ்போரோ வழக்கு: ஜூரியின் தீர்ப்பை நீதிபதியே ரத்து செய்தது ஏன்? – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த வழக்கை எடுத்துக்கொண்ட காரணம்

ராபர்ட் மல்லிகன் இயக்கி, கிரெகரி பெக் நடித்து 1962இல் வெளிவந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ படத்தைப் பார்த்தவர்களின் மனத்தில் முதலில் நிற்பது வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபின்ச்சின் இறுதி வாதம். 1930களின் அலபாமாவில், மேகோம்ப் என்ற கற்பனைச் சிற்றூரில், வெள்ளையினப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவருக்காக அவர் வாதாடுகிறார். சாட்சியங்கள் அனைத்தும் அவர் குற்றமற்றவர் என்றே காட்டியும் வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழு, அவரைத் தண்டிக்கிறது. மேல்முறையீடு நடக்கும் முன்பே அவர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வருகிறது. சட்டத்தின் கதையைப் படம் அங்கே முடித்துக்கொள்கிறது.

அதே மாநிலத்தில், அதே காலத்தில் நடந்த ஸ்காட்ஸ்போரோ வழக்கு அப்படி முடியவில்லை. ஒன்பது இளைஞர்கள், இரண்டு பெண்கள், பல ஜூரிகள், மூன்று விசாரணை நீதிபதிகள், இரண்டு முறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் என்று அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்த நீண்ட கதையில், டிகேட்டர் நகரில் 1933இல் ஒரு நீதிபதி எடுத்த முடிவே இந்த ஆய்வின் மையம். மன எழுச்சி தரும் வாதம் அங்கேயும் இருந்தது. ஆனால் அது எவரையும் காப்பாற்றவில்லை. ஏதேனும் காப்பாற்றியது என்றால், சாட்சியத்தை வரிவரியாக ஒப்பிட்டு எழுதப்பட்ட ஓர் உத்தரவும், ஒரு பதிவேட்டில் இருந்த மைக்கோடுகளும்தாம்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள், புகார் கூறிய பெண்கள், மருத்துவர்கள், சாட்சிகள், ஜூரிகள் ஆகியோரின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன். பொதுப் பதவியிலோ பொது வெளியிலோ நின்று செயல்பட்ட சிலரின் பெயர்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

1931ஆம் ஆண்டு, பெருமந்தம் எனப்படும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். வேலை தேடி ஊர் ஊராகச் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு போவது அப்போது அமெரிக்க ஏழைகளுக்கு அன்றாட வழக்கமாகிவிட்டிருந்தது; கறுப்பினத்தவரும் வெள்ளையரும், ஆண்களும் சில பெண்களும் அப்படிப் பயணம் செய்தார்கள். மார்ச் 25 அன்று சட்டனூகாவிலிருந்து மெம்பிஸ் நோக்கி, அலபாமாவின் வடகோடி வழியாகச் சென்ற சரக்கு ரயிலில் கறுப்பின இளைஞர்களுக்கும் வெள்ளையின இளைஞர்களுக்கும் கைகலப்பு மூண்டது. ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட வெள்ளையர்கள் ஸ்டீவன்சன் ரயில் நிலையத்தில் முறையிட, தந்தி முன்னே பறந்தது. அடுத்துப் பெயின்ட் ராக் என்ற சிற்றூரில் துப்பாக்கி ஏந்திய உள்ளூர் ஆட்கள் ரயிலை நிறுத்தி, பெட்டி பெட்டியாகத் தேடி, கண்ணில் பட்ட ஒன்பது கறுப்பின இளைஞர்களைக் கயிற்றால் பிணைத்துப் பிடித்தார்கள்.

அந்த ஒன்பது பேரும் ஒரே கூட்டம் அல்லர் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நால்வர் மட்டும் சட்டனூகாவிலிருந்து சேர்ந்து புறப்பட்டவர்கள். மற்றவர்கள் ஜார்ஜியாவிலிருந்து தனித்தனியே வந்து, நீண்ட ரயிலின் வெவ்வேறு பெட்டிகளில் ஏறியவர்கள். இளையவருக்கு வயது 13. ஒருவருக்குப் பார்வை ஏறக்குறைய இல்லை. இன்னொருவர் கடும் நோயால் தடியூன்றித்தான் நடக்க முடிந்தது. மெம்பிஸில் சிகிச்சை கிடைக்குமா என்று பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்.

அதே ரயிலில் ஆண்களின் முழுக்கால் வேலையுடை அணிந்த இரண்டு வெள்ளையினப் பெண்களும் இருந்தார்கள். ஹண்ட்ஸ்வில் நகரின் பருத்தி ஆலைத் தொழிலாளிகள். வாரத்தில் சில நாள் வேலை, சொற்பக் கூலி. பெயின்ட் ராக்கில் விசாரித்தபோது, தங்களைக் கறுப்பின இளைஞர்கள் பலாத்காரம் செய்ததாக அவர்கள் கூறினார்கள். சில்லறைச் சண்டையாகத் தொடங்கிய வழக்கு அந்தக் கணத்தில் மரண தண்டனைக்குரிய வழக்காக மாறியது.

ஸ்காட்ஸ்போரோவில் நடந்தவை

கைதானவர்களை ஜாக்சன் மாவட்டத் தலைநகரான ஸ்காட்ஸ்போரோவின் சிறைக்குக் கொண்டு சென்றார்கள். அன்று மாலையே சிறையைச் சுற்றிக் கூட்டம் திரண்டது. கைதிகளைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி மிரட்டிய அந்தக் கூட்டத்துக்கு ஷெரிஃப் பணியாமல் ஆளுநருக்குச் செய்தி அனுப்பியதால் தேசியக் காவற்படை வந்தது. கும்பல் கொலை தடுக்கப்பட்டது. இந்த வழக்கில் முதலில் சரியாக எடுக்கப்பட்ட முடிவு இதுதான் என்பதால், பின்னால் நடந்த அநீதிகளை எண்ணி இதைக் கடந்துபோய்விடக் கூடாது.

அன்றே, சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், உள்ளூர் மருத்துவர்கள் இருவர் அந்தப் பெண்களைப் பரிசோதித்தார்கள். பலாத்கார வழக்கில் இதைவிட விரைவான மருத்துவச் சான்று அந்தக் காலத்தில் அரிது. மேற்சொன்ன படத்தில், மருத்துவரை அழைத்தீர்களா என்று அட்டிகஸ் கேட்கும்போது அழைக்கவில்லை என்று ஷெரிஃப் சொல்கிறார். அந்தக் குறையே வாதத்தின் ஆணிவேராகிறது. ஸ்காட்ஸ்போரோவில் மருத்துவர்கள் இருந்தார்கள், பரிசோதித்தார்கள், சாட்சியும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை அலசிப் பார்க்க ஒருவரும் இல்லை என்பதே அங்கே நேர்ந்த குறை.

காரணம், வழக்கறிஞர் நியமனம் நடந்த விதம். படத்தில் நீதிபதி இரவு நேரத்தில் வழக்கறிஞரின் வீட்டுத் திண்ணைக்கே வந்து, வழக்கை அவர் கையில் ஒப்படைக்கிறார். ஸ்காட்ஸ்போரோவிலோ நீதிபதி அந்த ஊர் வழக்கறிஞர்கள் அனைவரையும் பொதுவாக நியமித்தார். ஊர்ப்பொறுப்பு ஒருவருக்கும் பொறுப்பல்ல என்பதுபோல, ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். கடைசியில் எஞ்சியவர்கள் இருவர்: ஒருவர் சட்டனூகாவிலிருந்து வந்த, அலபாமா சட்டத்தில் பழக்கமில்லாத சொத்துப் பத்திர வழக்கறிஞர், மற்றவர் குற்ற வழக்கில் வாதாடியே பல ஆண்டுகளாகிவிட்ட உள்ளூர் முதியவர். விசாரணை தொடங்கும் காலையில்தான் அவர்கள் கட்சிக்காரர்களோடு சிறிது நேரம் பேசினார்கள்.

விசாரணை தொடங்கிய ஏப்ரல் 6, மாதத்தின் முதல் திங்கள். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் ஸ்காட்ஸ்போரோவில் கூடும் சந்தை நாளும் அதுவே. நீதிமன்றச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். முதல் தண்டனை அறிவிக்கப்பட்டதும் வெளியில் எழுந்த ஆரவாரம், அடுத்த வழக்கை விசாரிக்கக் காத்திருந்த ஜூரிகளின் காதிலும் விழுந்தது. ஏப்ரல் 9க்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 13 வயதுச் சிறுவனுக்கு ஆயுள் தண்டனை போதும் என்று அரசுத் தரப்பே கேட்டும், ஜூரிகளில் சிலர் மரண தண்டனையையே வலியுறுத்தியதால் அவன் வழக்கு மட்டும் முடிவின்றிக் கலைந்தது.

முதல் மேல்முறையீடு

அலபாமா உச்ச நீதிமன்றம் ஏழு பேரின் தண்டனையை உறுதி செய்தது. தலைமை நீதிபதி ஜான் ஆண்டர்சன் ஒருவர் மட்டும், இது நேர்மையான விசாரணை அல்ல என்று மாறுபட்டு எழுதினார். வழக்கு வாஷிங்டனுக்குச் சென்றது. 1932 நவம்பர் 7 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட் எழுதிய தீர்ப்பில் தண்டனைகளை ரத்து செய்தது. மரண தண்டனைக்குரிய வழக்கில், வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள வசதியும் தன்னைத் தானே தற்காத்துக்கொள்ளும் திறனும் இல்லாத ஒருவருக்கு, உண்மையில் பயன்படும் விதத்தில் வழக்கறிஞரை அமர்த்தித் தருவது நீதிமன்றத்தின் கடமை என்று அது வகுத்தது. இது குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பு அன்று. மறுபடியும் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

டிகேட்டர்: நீதிமன்றத்தில் கண்டவை

மறுவிசாரணை டிகேட்டருக்கு மாற்றப்பட்டது. நீதிபதி ஜேம்ஸ் எட்வின் ஹார்ட்டன். அரசுத் தரப்பில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் தாமஸ் நைட் நேரில் வாதாடினார். எதிர்த்தரப்பில், கட்டணம் வாங்காமல் நியூயார்க்கிலிருந்து வந்த சாமுவேல் லீபோவிட்ஸ். ஒன்பது பேரில் ஒருவரின் வழக்கு முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1933 மார்ச் இறுதியில் விசாரணை தொடங்கியது.

லீபோவிட்ஸ் முதலில் ஜூரிப் பட்டியலைத் தாக்கினார். தகுதியுள்ள கறுப்பினத்தவர்கள் – ஆசிரியர்கள், மருத்துவர்கள், மதகுருமார்கள் – மாவட்டத்தில் இருக்கையில், நினைவெட்டிய காலம்வரை ஒருவர்கூட ஜூரியாக அழைக்கப்பட்டதில்லை என்று சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி நிறுவினார். ஹார்ட்டன் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆனால் வாதமும் சாட்சியமும் பதிவாகின. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பதிவின் மதிப்பு தெரியவந்தது.

அடுத்து, ரயிலின் மாதிரி ஒன்று நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. எந்தப் பெட்டியில் யார் இருந்தார்கள் என்பதை அதன் மீது காட்டிக் கேட்பது லீபோவிட்ஸின் நோக்கம். புகார் கூறிய முதல் பெண்ணிடம், நீங்கள் வந்த ரயில் இதைப் போன்றதா என்று கேட்டபோது, அது மிகவும் பெரியது, இது வெறும் பொம்மை என்று அவர் பதில் சொல்லி ஒத்துக்கொள்ள மறுத்தார். குறுக்கு விசாரணை முழுவதும் அவர் அப்படியே நின்றார். பல கேள்விகளுக்கு நினைவில்லை என்றார். குற்றச்சாட்டில் மட்டும் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு வந்த மருத்துவர் அரசுத் தரப்பின் சாட்சி என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறு பேர் அடுத்தடுத்துப் பலாத்காரம் செய்தார்கள், கூர்முனைக் கற்கள் நிரப்பிய திறந்த பெட்டியில் முதுகு தேயக் கிடந்தேன், துப்பாக்கியால் அடித்ததில் தலையில் காயம்பட்டு இரத்தம் வந்தது என்பது அந்தப் பெண்ணின் சாட்சியம். இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதித்த மருத்துவர் கண்டது மணிக்கட்டில் சில கீறல்கள், முதுகில் சில சிறு கன்றல்கள். தலையில் வெட்டுக்காயம் இல்லை, இரத்தப்போக்கு இல்லை, நாடித்துடிப்பும் மூச்சும் இயல்பாக இருந்தன, பதற்றத்தின் அறிகுறி இல்லை. ஆய்வில் கிடைத்த விந்தணுக்கள் மிகச் சொற்பம், அவையும் அசைவற்றவை.

இரண்டாம் மருத்துவரை அரசுத் தரப்பு கூண்டில் ஏற்றவில்லை. முதல் மருத்துவர் சொன்னதையே திரும்பச் சொல்வார் என்பது காரணமாகக் கூறப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து ஹார்ட்டன் வெளியிட்ட செய்தி வேறு. அந்த இளம் மருத்துவர் தன்னைத் தனியே சந்திக்க வேண்டும் என்று கேட்க, ஆளில்லாத இடம் வேறு கிடைக்காமல் நீதிமன்றக் கழிப்பறையில், வாசலில் காவலரை நிறுத்திவிட்டுப் பேசினார்களாம். அந்தப் பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்றே தான் நம்புவதாக மருத்துவர் கூறியிருக்கிறார். சாட்சி சொல்லுங்கள் என்று நீதிபதி கேட்டபோது, சொன்னால் அந்த மாவட்டத்தில் இனித் தொழில் செய்ய முடியாது என்று மறுத்திருக்கிறார். நீதிபதி வற்புறுத்தவில்லை. அந்த மருத்துவர் பிற்காலத்தில் இந்தச் சந்திப்பை மறுத்தார் என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

எதிர்த்தரப்பின் கடைசிக் கட்டத்தில் இரண்டாம் பெண்ணே சாட்சியாக வந்து நின்றார். பலாத்காரம் எதுவும் நடக்கவில்லை என்றும், தோழி சொன்னபடியே தானும் சொன்னதாகவும் கூறினார். 1932 ஜனவரியிலேயே ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதே செய்தியை அவர் எழுதியிருந்தார். வழக்கின் அடித்தளமே பெயர்ந்துவிட்டது என்று வெளியூர்ச் செய்தியாளர்கள் எண்ணினார்கள். நைட் எழுந்து அவர் அணிந்திருந்த புதுக் கோட்டையும் தொப்பியையும் பற்றிக் கேட்கத் தொடங்கினார்: எங்கே வாங்கினீர்கள், பணம் யார் கொடுத்தார்கள்? அந்தக் கேள்விகளுக்குப் பிறகு, அவர் சொன்ன உண்மை அந்த அறையில் எடுபடவில்லை.

இறுதி வாதத்தில் உள்ளூர் அரசு வழக்கறிஞர் ஒருவர், அலபாமாவின் நீதியை நியூயார்க்கின் யூதப் பணத்தால் வாங்க முடியாது என்று காட்டுங்கள் என ஜூரியிடம் முழங்கினார். அங்கேயே விசாரணையைக் கலைக்கும்படி லீபோவிட்ஸ் கேட்டார், ஹார்ட்டன் மறுத்தார். ஆனால் ஜூரிக்குத் தந்த அறிவுரையில், வழக்கறிஞர்கள் எந்த ஊரார் என்பது உங்கள் முன் உள்ள கேள்வி அல்ல என்று தெளிவாகச் சொன்னார். முன்னதாக, கைதிகளைக் கொல்லும் பேச்சு ஊரில் அடிபட்டபோதும், அப்படிச் செய்பவன் கொலைகாரன்தான், காவலர்கள் சுடவும் தயங்க மாட்டார்கள் என்று அவர் நீதிமன்றத்திலேயே எச்சரித்திருந்தார்.

ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை ஜூரி தீர்ப்பு சொன்னது: குற்றவாளி, மரண தண்டனை.

நீதிபதியின் முடிவும் அதன் காரணங்களும்

ஹார்ட்டன் முன் இருந்த வழிகள் மூன்று. தண்டனையை நிறைவேற்றும் நாளைக் குறித்துவிட்டு, மேல்முறையீடு பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்திருப்பார்கள். அடுத்தவர்களின் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தலாம். அல்லது மறுவிசாரணை கோரும் மனு வரும்போது சாட்சியத்தைத் தானே எடைபோடலாம். ஊரில் கொதிப்பு அடங்காத நிலையில் நேர்மையான விசாரணை நடக்காது என்று முதலில் மற்ற வழக்குகளைத் தள்ளிவைத்தார். அந்த இடைவெளி அவருக்குப் பதிவுகளைப் படிக்க அவகாசம் தந்தது. என் பார்வையில், அவர் செய்தவற்றில் மிகக் குறைவாகப் பேசப்படும் நல்ல முடிவு இந்த ஒத்திவைப்புதான்.

ஜூன் 22 அன்று, தன் சொந்த ஊரான ஏதென்ஸின் நீதிமன்றத்தில் அவர் நீண்ட உத்தரவு ஒன்றை வாசித்தார். புகார் கூறிய பெண்ணின் சாட்சியத்தைக் கொண்டு மட்டுமே ஒருவரைத் தண்டிக்க அலபாமா சட்டம் இடம் தருகிறது என்பதை அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தச் சாட்சியம் நம்பத்தகாத தன்மையைத் தன் முகத்திலேயே தாங்கியிருந்தால், பிற சான்றுகள் அதற்கு மாறாக இருந்தால், அதன் மீது தண்டனை நிற்காது என்ற விதியையும் உடன் வைத்தார். அதன்பின் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். தலையில் அடி என்ற சாட்சியத்துக்கு எதிரே காயமில்லாத தலை. கூர்ங்கற்களின் மீது கிடந்தேன் என்பதற்கு எதிரே சில கன்றல்கள் மட்டுமே உள்ள முதுகு. ஆறு பேர் என்பதற்கு எதிரே மருத்துவர் அரிதாகக் கண்டெடுத்த அசைவற்ற விந்தணுக்கள். பட்டப்பகலில், மேல்மூடி இல்லாத பெட்டியில், ஊர்களை ஒட்டிச் செல்லும் ரயிலில் நடந்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு அந்தப் பெண்ணின் சொல்லைத் தவிர வேறு துணைச் சான்று இல்லை. அந்தப் பெட்டியிலேயே இருந்ததாகச் சொல்லப்பட்ட வெள்ளையின இளைஞரை அரசுத் தரப்பு டிகேட்டரில் சாட்சியாக அழைக்கவே இல்லை. சாட்சியத்தின் எடை பெரிதும் குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கமே இருக்கிறது என்று முடிவுகட்டி, தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். விடுதலை செய்யும் அதிகாரம் அவருக்கு அந்தக் கட்டத்தில் இல்லை.

இந்த உத்தரவில் ஒரு கறையும் உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. இத்தகைய நடத்தையுள்ள பெண்கள் தன்னலத்துக்காகப் பொய்க் குற்றம் சாட்டக்கூடியவர்கள் என்று மனித அனுபவம் கற்பிக்கிறது என ஒரு பகுதியில் அவர் பொதுப்பட எழுதினார். ஒரு முன்முடிவை உடைக்க எழுதப்பட்ட உத்தரவில் இன்னொரு முன்முடிவு நுழைந்துவிட்டது. அந்த வாக்கியத்தை முழுக்க நீக்கினாலும் அவர் முடிவுக்கு எந்தக் குறையும் வந்திருக்காது, ஏனெனில் மருத்துவச் சான்றே போதுமானது. ஏழை ஆலைத் தொழிலாளியான ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைத் தராசில் வைக்காமலே அவர் சாட்சியத்தைச் சோதிக்க முடியும். ஹார்ட்டனே தன் உத்தரவின் பெரும்பகுதியில் அதைத்தான் செய்திருக்கிறார்.

ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள் என்று பிற்காலத்தில் கேட்டபோது, வானமே இடிந்து விழுந்தாலும் நீதி செய்யப்பட வேண்டும் என்று சிறுவயதில் தாய் கற்பித்ததை அவர் நினைவுகூர்ந்தார். அலபாமாவில் நீதிபதிகளையும் வாக்காளர்களே தேர்ந்தெடுத்தார்கள்; அடுத்த ஆண்டுத் தேர்தலில் இந்த முடிவுக்கு என்ன விலை என்பது அவருக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை.

பின்விளைவுகள்

1934இல் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் ஹார்ட்டன் தோற்றார். அதன்பின் அவர் நீதிபதி இருக்கையில் அமரவில்லை. வழக்கறிஞர் தொழிலுக்கும் விவசாயத்துக்கும் திரும்பி, 1973இல் தம் 95ஆம் வயதில் காலமானார். அதே 1934இல் நைட் துணை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வழக்குகள் நீதிபதி வில்லியம் கலஹனிடம் மாற்றப்பட்டன. வெள்ளையினப் பெண்ணுக்கும் கறுப்பின ஆணுக்கும் உறவு என்றாலே அது அவளது சம்மதமின்றி நடந்தது என்று வலுவாக அனுமானிக்க வேண்டும் என்ற பொருளில் அவர் ஜூரிக்கு அறிவுரை கூறினார். குற்றவாளி அல்ல என்று தீர்ப்பெழுதும் படிவத்தை ஜூரிக்குத் தரவே மறந்து, நினைவூட்டிய பிறகு தந்தார். 1933 இறுதியில் மீண்டும் இருவருக்கு மரண தண்டனை. ஹார்ட்டன் எழுதிய காரணங்கள் அடுத்த ஜூரிகளின் பார்வைக்கே போகவில்லை. ஓர் உத்தரவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அடுத்த நீதிபதி அதைத் திரும்பிப் பார்க்கக் கடமைப்பட்டிராவிட்டால் அது ஒருவரையும் வெளியே கொண்டுவராது.

பதிவேட்டின் சிவப்புக் கோடுகள்

ஆனால் ஜூரிப் பட்டியல் குறித்த வாதம் உயிரோடு இருந்தது. ஜாக்சன் மாவட்டத்தின் ஜூரிப் பதிவேட்டைக் கொண்டுவந்து திறந்தபோது, அதில் சில கறுப்பினத்தவரின் பெயர்கள் இருந்தன. நாங்கள் யாரையும் விலக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று என்றது அரசுத் தரப்பு. பெயர்கள் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பகுதியின் பட்டியலும் முடியும் இடத்தில், பின்னால் வந்த எழுத்தர் சிவப்பு மையால் கோடு இழுத்து வைத்திருந்தார். கறுப்பினத்தவரின் பெயர்கள் பட்டியலின் கடைசியில், அந்தக் கோட்டின் மேலேறி எழுதப்பட்டிருந்தன. கையெழுத்து வல்லுநர் சொன்னது இதுதான்: சிவப்புக் கோடு முதலில் வந்தது, அந்தப் பெயர்கள் அதற்குப் பிறகு வந்தன. அதாவது, பட்டியல் முடிந்தபின், கேள்வி எழுந்தபின் செருகப்பட்டவை.

வாஷிங்டனில் லீபோவிட்ஸ் இதைச் சொன்னபோது, நிரூபிக்க முடியுமா என்று தலைமை நீதிபதி சார்லஸ் எவான்ஸ் ஹியூஸ் கேட்க, பதிவேடும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் நீதிபதிகளின் கைகளுக்குச் சென்றன. ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். 1935 ஏப்ரல் 1 அன்று, இனத்தின் பேரால் ஜூரியிலிருந்து விலக்கியது அரசியலமைப்புக்கு முரண் என்று தண்டனை ரத்தானது. அதிலிருந்து தென் மாநிலங்கள் பட்டியலில் கறுப்பினத்தவரைச் சேர்க்கத் தொடங்கின. பட்டியலில் சேர்ந்தவர்களை ஜூரி இருக்கையில் உட்கார விடாமல் தடுக்கும் வழிகள் அதன்பின்னும் நெடுங்காலம் இருந்தன.

முடிவு

1936இல், டிகேட்டரில் முதலில் விசாரிக்கப்பட்ட இளைஞருக்கு நான்காம் விசாரணையில் 75 ஆண்டுச் சிறை. 1937 ஜூலையில் அரசுத் தரப்பு நால்வர் மீதான குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. பார்வையற்றவரும், தடியூன்றி நடந்தவரும், கைதானபோது சிறுவர்களாயிருந்த இருவரும் வெளியே வந்தார்கள். அதே ரயில், அதே பெட்டி, அதே சாட்சியின் சொல் என்று நின்ற வழக்கில் மற்ற ஐவர் உள்ளேயே இருந்தார்கள். ஒருவருக்கு மீண்டும் விதிக்கப்பட்ட மரண தண்டனையை ஆளுநர் 1938இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். கடைசியாக எஞ்சியவர் சிறையிலிருந்து வெளிவந்தது 1950இல். உயிரோடு இருந்த ஒருவருக்கு 1976இல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் காலத்தில் முழு மன்னிப்பு கிடைத்தது. இறந்தவர்களுக்கு மன்னிப்பு வழங்க அலபாமா சட்டத்தில் வழியில்லாததால் 2013இல் புதுச் சட்டம் இயற்றி, அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று தண்டனை ரத்தாகாமலே இருந்த மற்ற மூவருக்கும் மன்னிப்பு வழங்கினார்கள்.

வேறு விதமாகச் செய்திருக்க வேண்டியவை

முதல் நாளில் ஒரே ஒரு வழக்கறிஞரைப் பெயர் சொல்லி நியமித்து, மருத்துவ அறிக்கையைப் படிக்க அவருக்கு இரண்டு வாரம் தந்திருந்தால், 1931லேயே ஹார்ட்டனின் கேள்விகள் அனைத்தும் எழுந்திருக்கும். சந்தை நாளில், சம்பவம் நடந்த மாவட்டத்திலேயே விசாரணையைத் தொடங்கியிருக்கவே கூடாது.

டிகேட்டரில் ஹார்ட்டன் எடுத்த இரண்டு முடிவுகள் விவாதத்துக்குரியவை. ஜூரிப் பட்டியல் குறித்த மனுவை அவர் ஏற்றிருந்தால், பின்னால் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒரு உள்ளூர் நீதிமன்றமே முதலில் சொல்லியிருக்கும். இரண்டு ஆண்டுகளாவது மிஞ்சியிருக்கும். இரண்டாவது, மருத்துவரோடு தனியே நடந்ததாக அவர் சொன்ன உரையாடல். ஒரு நீதிபதி வழக்கின் மையச் சான்றைக் கழிப்பறையில் கேட்டுவிட்டு இரு தரப்புக்கும் சொல்லாமல் வைத்திருப்பது, எத்தனை நல்லெண்ணத்தோடு செய்தாலும் தவறான நடைமுறை. மருத்துவரின் பிழைப்பைக் காக்க நினைத்த பரிவை நான் புரிந்துகொள்கிறேன். ஆயினும் மறுபக்கத் தட்டில் இருந்தவை ஒன்பது உயிர்கள். நீதிமன்றமே அவரைச் சாட்சியாக அழைத்து, கட்டாயத்தின் பேரில் பேசுகிறார் என்று ஊரறியச் செய்திருந்தால், அவருக்கும் அது ஓரளவு கவசமாகியிருக்கும். சிற்றூரில் நிபுணச் சாட்சி சொல்பவர் அதே ஊரில்தான் மறுநாளும் தொழில் செய்ய வேண்டும் என்பதால், பரிசோதனையை வெளி மாவட்ட மருத்துவரிடம் ஒப்படைப்பது அல்லது அறிக்கையை அன்றே எழுத்தில் வாங்கி நீதிமன்றக் காவலில் வைப்பது இத்தகைய வழக்குகளில் முதல் ஏற்பாடாக இருக்க வேண்டும்.

அனைத்துக்கும் அடியில் இருக்கும் கேள்வி நீதிபதியின் பதவி. ஹார்ட்டனின் உத்தரவில் சட்டப் பிழை கண்டு மேல் நீதிமன்றம் எதுவும் அவரை நீக்கவில்லை. ஜூரியின் தீர்ப்பை ஏற்க மறுத்ததற்காக வாக்காளர்கள் நீக்கினார்கள். அவருக்குப் பின் வழக்கை ஏற்ற நீதிபதி ஊரின் விருப்பத்துக்கு எந்த இடத்திலும் எதிராக நிற்கவில்லை. அலபாமாவில் நீதிபதிகள் இன்றும் கட்சி அடையாளத்தோடு தேர்தலில் நின்று வென்றுதான் பதவிக்கு வருகிறார்கள். 1934இல் ஏதென்ஸ் நீதிபதியை வீட்டுக்கு அனுப்பிய அதே முறை, மரண தண்டனை வழக்குகளைக் கேட்கும் நீதிபதிகளுக்கு இன்னமும் பொருந்துகிறது.